நிறுத்தி வைத்த கணினிக்குள் ஒரு சத்தம்

அந்தத் திங்கட்கிழமை காலை சத்தத்தை முதலில் கேட்டவர் எங்கள் அலுவலகக் காவலாளி. நான் குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டு நின்றேன். அவர் விளக்குமாற்றோடு வாசலில் வந்து நின்று மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, உங்கட அறைக்குள்ள மணிக்கூடு ஏதும் வைச்சிருக்கிறியளோ?"

"இல்லையே ஐயா. ஏன்?"

"டிக் டிக் எண்டு கேக்குது."

துறைமுக நகரத்தின் ஓர்ஸ் ஹில் பகுதியில் ஒரு பழைய வீட்டின் முன்பாதியை வாடகைக்கு எடுத்து எங்கள் அலுவலகம் நடந்தது. சண்டை திரும்பவும் மூண்டிருந்த காலம். இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குப் பாய், சட்டி பானை, குழந்தைகளுக்குப் பால்மா கொடுப்பது எங்களுடைய வெளியே தெரிந்த வேலை. அதோடு இன்னொரு வேலையும் இருந்தது. ஆட்கள் காணாமற்போன வீடுகளிலிருந்து பெண்கள் வருவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு நான் கணினியில் எழுதுவேன். அதைக் கடிதமாக்கி, பதில் போடக்கூடும் என்று நாங்கள் நம்பிய இடங்களுக்கெல்லாம் அனுப்புவோம். பதில் வந்தது மிகக் குறைவு. என்றாலும் அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

நாங்கள் நான்கு பேர். பொறுப்பாளராக ஒரு அக்கா இருந்தார். அந்தக் கிழமை அவர் கொழும்புக்குப் போயிருந்தார். வான் ஓட்டும் அண்ணை ஒருவர். காவலாளி ஐயா, அறுபது வயதைத் தாண்டியவர், பின்பக்கத்து அறையில் தங்கியிருந்தார். பிறகு நான். இருபத்தேழு வயது. நகரத்தில் ஒரு வகுப்புக்குப் போய்க் கணினியைக் கழற்றிப் பூட்டுவதுவரை படித்திருந்தேன். அந்த வீட்டில் அந்தப் பெட்டியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஐயாவோடு அறைக்குள் போனேன். உண்மையாகவே கேட்டது. டிக். டிக். டிக். ஒரே அளவான இடைவெளி. மேசைக்குக் கீழே குனிந்தேன். சத்தம் கணினிப் பெட்டிக்குள்ளிருந்துதான் வந்தது.

ஆனால் கணினி ஓடவில்லை. விளக்கொன்றும் எரியவில்லை. கால் மணித்தியாலத்துக்கு முன்னர்தான் சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டுவிட்டுப் பொத்தானை அமத்தியிருந்தேன். அது உயிர் பெறவில்லை. கரண்ட் குறைவாக இருக்கிறதாக்கும், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்ப்போம் என்று, நின்று கவனிக்காமல் குசினிக்குப் போய்விட்டேன். நிறுத்தி வைத்திருக்கிற பெட்டி எப்படிச் சத்தம் போடும்? குனிந்தபடியே யோசித்தேன். அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை.

பயம் ஐயாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் வந்தது. அவருடைய உதடுகள் காய்ந்து வெளுத்திருந்தன. விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்து இழுத்தார். மூன்று வருடத்தில் ஒருநாளும் என்னைத் தொட்டுக் கதைத்திராத மனிதர்.

"வெளியில வாங்கோ பிள்ளை. கையை வையாதேங்கோ. வாங்கோ எண்டுறன்."

முற்றத்தில் வான் கழுவிக்கொண்டு நின்ற அண்ணையிடம் ஐயா ஒரு சொல்தான் சொன்னார். "குண்டு."

அண்ணை வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். ஏன் அசைத்தேன் என்று தெரியாது. அந்தச் சொல்லைக் கேட்ட உடனேயே எனக்கும் அது குண்டாகத்தான் ஆகிவிட்டது. அந்த நாட்களில் சந்தையில், சைக்கிளில், பஸ்ஸுக்குள் விட்டுவிட்டுப் போன பையில் என்று எதிலும் இருக்கலாம் என்றுதான் வாழ்ந்தோம். எங்கள் அறைக்குள் மட்டும் ஏன் இருக்கக்கூடாது?

வீட்டின் பின்பாதியில் ஒரு குடும்பம் இருந்தது. ஆசிரியை ஒருவரும் படுக்கையிலிருந்த அவருடைய மாமனாரும். ஆசிரியை அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. அண்ணை பின்னால் ஓடிப்போய், கிழவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் ஆசிரியை, ஒரு பக்கம் அண்ணை. எதிர்ப்பக்கத்து வேப்பமரத்துக்குக் கீழே கதிரையை இறக்கி வைத்தார்கள். வெயிலைக் கண்டு பல மாதங்களாகியிருந்த கிழவர் கண்களைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "ஆருக்குக் கலியாணம்?"

தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். நாங்கள் நின்ற விதத்திலேயே ஏதோ விளங்கிக்கொண்டு திரும்பி வேகமாக நடந்தார்கள்.

"சந்தியில நிக்கிற ஆமிக்காரருக்குச் சொல்லுவம்," என்றார் அண்ணை. "வேற என்ன செய்ய ஏலும்?"

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் அவர்கள் வந்தால் பெட்டியைக் கொண்டுபோவார்கள். அதற்குள் எழுதியிருந்தவை எல்லாம் அதோடு போகும். யார் யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், எந்த இடத்தில், எந்த நிற வாகனத்தில், யார் பார்த்தது என்று பெண்கள் குரலைத் தாழ்த்திச் சொன்ன எல்லாம்.

"சொல்லாதேங்கோ," என்றார் ஐயா. அவர் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆருக்கும் சொல்லாதேங்கோ. நான்தான் விட்டனான்."

"ஆரை விட்டனீங்கள்?"

அப்போதுதான் அது வெளியே வந்தது. சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். சாதாரணக் காற்சட்டை, சேட்டு. ஒருவன் நல்ல தமிழ் கதைத்திருக்கிறான். கொம்பியூட்டர் பார்க்க வந்தோம் என்று சொல்லி, மடித்து வைத்திருந்த ஒரு அடையாள அட்டையை விரித்துக் காட்டியிருக்கிறான். ஐயாவுக்கு வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்திருக்கிறார். உங்கட மகள் மூதூரிலதானே இருக்கிறா என்று அவன் கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு ஐயா அறைத் திறப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றிருக்கிறார்.

"எவ்வளவு நேரம் உள்ளுக்கு நிண்டவை?"

"ரெண்டு மணித்தியாலம் இருக்கும். போகேக்க, ஆருக்கும் சொன்னால் தெரியும்தானே எண்டவன். நான் நேற்று முழுக்க அந்த அறைக்குள்ள காலடி வைக்கேல்ல. இண்டைக்குக் காலமை கூட்டப் போனால்..." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவங்கள் வைச்சிட்டுப் போட்டாங்கள் பிள்ளை. நான்தான் கதவைத் திறந்து விட்டனான்."

ஆசிரியை மாமனாரின் கதிரையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். அண்ணை வீட்டைப் பார்த்தபடி நின்றார். எனக்கு ஐயாவின்மேல் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றேன்.

துறைமுகப் பக்கம் 'தொம்' என்று ஒரு வெடி. கடலுக்கடியால் ஆட்கள் நீந்தி வராமலிருக்கக் கடற்படை தண்ணீருக்குள் வெடி போடும். நிலம் ஒரு தரம் அதிரும், சன்னல் கண்ணாடிகள் நடுங்கி அடங்கும். பகலெல்லாம் கேட்டுப் பழகிய சத்தம். வழக்கத்தில் கதைத்துக்கொண்டிருப்பவர்கள் கதையைக்கூட நிறுத்தமாட்டார்கள். அன்று நாங்கள் நான்கு பேரும் ஒன்றாகக் குந்திவிட்டோம். கிழவர் மட்டும் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

குந்தியிருந்த அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று தோன்றியது.

"ஐயா, காலமை என்ன நேரம் அறையைத் திறந்தனீங்கள்?"

"ஆறரை."

"அப்ப சத்தம் கேட்டதோ?"

அவர் யோசித்தார். "இல்லை. சன்னலைத் திறந்துபோட்டுக் கொஞ்ச நேரம் நிண்டனான். ஒண்டும் கேக்கேல்ல. நீங்கள் வந்தாப் பிறகுதான்."

நான் வந்த பிறகு. நான் சுவரில் சுவிட்சைப் போட்ட பிறகு. அப்படியென்றால் அந்தச் சத்தம் கரண்டில் உயிர் வாழ்கிறது. கரண்டை நிறுத்தினால் சத்தம் நிற்க வேண்டும். நின்றால் அது கணினியின் வருத்தம். நிற்காவிட்டால்...

அதை அண்ணையிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கரண்ட் வந்தால் வெடிக்கிற மாதிரியும் செய்வாங்கள், நிண்டால் வெடிக்கிற மாதிரியும் செய்வாங்கள் தங்கச்சி."

"அப்ப கரண்ட் வந்து ஒரு மணித்தியாலமாகப் போகுது அண்ணை. பொத்தானையும் நான் அமத்திப்போட்டன். இன்னும் வெடிக்கேல்ல."

மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே, முன்விறாந்தைச் சுவரில் மீற்றர் பெட்டியோடு இருந்தது. அறைக்குள் போகத் தேவையில்லை. ஆனால் அந்தச் சுவரின் மறுபக்கம்தான் என் மேசை. சன்னலும் திறந்திருந்தது. அண்ணை தானே போவதாகச் சொன்னார். அவருக்கு வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள். நான் போகிறேன் என்றேன். துணிவால் அல்ல. அந்த மரத்துக்குக் கீழே நின்று காத்திருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

தெருவைக் கடந்து, முற்றத்தைக் கடந்து, மூன்று படி ஏறினேன். விறாந்தையில் கால் வைத்தவுடனேயே சத்தம் கேட்டது. டிக். டிக். டிக். உள்ளே கேட்டதைவிடப் பெரிதாகக் கேட்பதுபோல் இருந்தது. மீற்றர் பெட்டியின் கதவு துருப்பிடித்து இறுகியிருந்தது. உப்புக்காற்றில் அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். இரண்டு கையாலும் இழுத்தேன். அது கிரீச்சென்று திறந்தது. மெயின் சுவிட்சின் பிடியைக் கீழே இழுத்தேன்.

சத்தம் நிற்கவில்லை.

டிக். டிக். எனக்கு ஓட வேண்டும் என்று தெரிந்தது. ஓடவில்லை. டிக். சுவரில் நெற்றி முட்டுமளவுக்கு நெருங்கி நின்றுகொண்டு எண்ணினேன். எண்ண வேண்டும் என்று நினைத்து எண்ணவில்லை, மனம் தானாக எண்ணியது. நான்கு, ஐந்து, ஆறு. ஏழாவது கொஞ்சம் பிந்தி வந்தது. எட்டாவது இன்னும் பிந்தி, மெலிந்து வந்தது. ஒன்பதுக்குக் காத்திருந்தேன். அது வரவேயில்லை.

அதற்குப் பிறகும் நான் அசையவில்லை. அண்ணை தெருவின் நடுவில் வந்து நின்று கத்தினார். "தங்கச்சி! நிண்டிட்டுதோ?"

"ஓம்," என்றேன். அவருக்குக் கேட்டிராது.

பெட்டிக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் துண்டுகள் இருக்கின்றன, கரண்டை நிறுத்தினாலும் அவற்றில் மிஞ்சியது தீரச் சில நொடிகள் ஆகும் என்று வகுப்பில் படித்தது அந்த வேளையில் நினைவுக்கு வரவில்லை. படியில் வந்து இருந்த பிறகுதான் வந்தது. வந்ததும் அழுதேன்.

ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். பிறகு பெட்டியைத் திறந்து பார்ப்பதென்று முடிவெடுத்தோம். அண்ணை வானிலிருந்து ஸ்குரூ டிரைவர் எடுத்து வந்தார். வயர்களைக் கழற்றி, பெட்டியைக் கதிரை ஒன்றில் வைத்து, இரண்டு பேருமாகத் தூக்கி முற்றத்து வெயிலுக்குக் கொண்டுவந்தோம். தூக்கும்போது உள்ளே ஏதோ உருண்டது. இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். அண்ணையின் தாடையிலிருந்து வியர்வை சொட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இறக்குவம்," என்றார் அவர். "மெல்ல. மெல்ல."

பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். தகட்டின் ஆணிகள் இலேசாக வந்துவிட்டன. கையாலேயே திருப்பக்கூடிய அளவுக்குத் தளர்ந்திருந்தன. அது எனக்கு உறைத்தது. உப்புக்காற்றில் இறுகிப்போய், கடைசியாக நான் கழற்றியபோது மல்லுக்கட்டிய ஆணிகள் அவை. தகட்டை விரல் அகலம் நகர்த்தி, உள்ளே புதிதாக ஏதாவது வயர் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தேன். பிறகு முழுவதும் எடுத்தேன்.

பார்சல் இல்லை. பொதி இல்லை. எனக்குத் தெரியாத பொருளொன்றும் இல்லை. தூசும், ஒரு பல்லி முட்டையின் கோதும், நான் அறிந்த வயர்களும்.

பெட்டியைப் படுக்கவைத்து மெல்லச் சரித்தேன். மதர்போர்ட்டுக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று கிலுங்கிக்கொண்டு ஓடி விளிம்பில் வந்து நின்றது. விரலை விட்டு எடுத்தேன். சின்னத் திருகாணி. அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிது. அது அடியில் போய்ச் செருகி, தொடக்கூடாத இரண்டு இடங்களை ஒன்றாகத் தொட வைத்திருக்கிறது. கரண்ட் கொடுக்கும்போதெல்லாம் பவர் சப்ளை தொடங்கப் பார்த்து, பிழையைக் கண்டு நின்று, திரும்பத் தொடங்கப் பார்த்து, திரும்ப நின்றிருக்கிறது. அந்தத் தொடங்கலும் நிறுத்தலும்தான் டிக் டிக்.

மெயினைப் போட்டு, விறாந்தைப் பிளக்கில் பெட்டியைச் செருகினோம். சத்தமில்லை. பொத்தானை அமத்தினேன். விசிறி சுழன்றது.

நாங்கள் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அண்ணை அந்த ஆணியை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். ஆசிரியை நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். கிழவரிடமும் காட்டினார்கள். ஐயா படியில் இருந்து முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, "ஒண்டுமில்லை ஐயா, ஒரு ஆணிதான்," என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பிறகு அந்த ஆணியை அதன் இடத்தில் போட்டுவிட வேண்டும் என்று நினைத்துப் பெட்டிக்குள் இடத்தைத் தேடினேன்.

அதன் இடம் ஹார்ட் டிஸ்க். எல்லா எழுத்தும் சேமித்து வைக்கப்பட்டிருந்த துண்டு. ஆறு மாதத்துக்கு முன்னர் பழையது பழுதாகி, புதியதை நானே பூட்டினேன். பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஆணி. நான்காவது ஏறாமல் பெருவிரல் தோல் உரிந்தது. இப்போது அதைப் பிடித்திருந்தவை மூன்றுதான், நான்காவது துளை வெறுமையாக இருந்தது. சுற்றிலும் தூசு படிந்திருக்க, அந்தத் துண்டு மட்டும் பளிச்சென்று துடைத்ததுபோல் இருந்தது. அதன் மேல்தகட்டில் விரல் அடையாளங்கள்.

அவர்கள் ஒன்றும் வைக்க வரவில்லை. எடுக்க வந்திருக்கிறார்கள். டிஸ்கைக் கழற்றி, வேறொன்றில் எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டு, அவசரத்தில் ஆணியைத் தவறவிட்டுத் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் நான் அந்த ஆணியை வைத்துக்கொண்டு நின்றேன். காலையில் வந்த பயம் உடம்பில் வந்த பயம். ஓடினால் தப்பலாம் என்ற பயம். இது அப்படி இல்லை. இதில் ஓட வேண்டியவள் நான் அல்ல. அதில் என் பிழையும் இருந்தது. பொறுப்பாளர் அக்கா எனக்கு ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்: "பெயரை எழுதாதேங்கோ. இலக்கம் மட்டும் போடுங்கோ. ஆர் எந்த இலக்கமெண்டு என்ர கொப்பியில இருக்கட்டும்." எனக்கு அது குழப்பமான வேலையாக இருந்தது. கடிதம் எழுதும்போது ஒவ்வொரு முறையும் அவருடைய அந்தக் குறிப்புப் புத்தகத்தைத் தேட வேண்டும். நான் பெயரையும், ஊரையும், பிள்ளைகளின் வயதையும் முழுவதாக எழுதி வைத்தேன். வடிவாக, அகரவரிசையில்.

அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "கொம்பியூட்டர் பழுதாப் போச்சுது அக்கா. சனிக்கிழமை ஆரோ வந்து பார்த்திருக்கினம்," என்றேன்.

"விளங்குது. போனில ஒண்டும் கதையாதேங்கோ," என்றார். "ஆக்களைப் போய்ப் பாருங்கோ."

பிடித்துக்கொண்டு போனவர்களை அடையாளம் சொன்னவர்கள் ஏழு பேர். அன்று மத்தியானமே அண்ணையும் நானும் வானில் புறப்பட்டோம். பாய்களை ஏற்றிக்கொண்டோம், கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணமாக. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, மறுபக்கத்தில் திரும்ப ஏறினேன். சிப்பாய் என் அட்டையை வாங்கி வழக்கத்தைவிடக் கூடிய நேரம் பார்க்கிறான் என்று ஒவ்வோர் இடத்திலும் தோன்றியது. வழக்கமான நேரம்தான் பார்த்திருப்பான்.

முதலில் சாம்பல்தீவு. அங்கே இருந்த பெண்ணுக்கு என் வயதுதான். அவளுடைய கணவனைக் கத்தரித் தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்தபோது வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் வேலிக்குப் பின்னால் நின்று வானின் இலக்கத்தைப் பார்த்திருந்தாள். அதை எனக்குச் சொன்னாள். நான் எழுதினேன்.

அவள் கிணற்றடியில் துணி தோய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள். நான் நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்தாள். அந்த முகத்தை என்னால் மறக்க ஏலாது. நான் விஷயத்தைச் சொன்னேன். என் பிழையையும் சொன்னேன்.

அவள் நனைந்த கைகளைச் சேலையில் துடைத்தாள். "அப்ப என்ர பேர் அவங்களிட்டப் போயிட்டுது."

"ஓம்."

"நான் சொன்ன நம்பரும்."

"ஓம்."

"இதை ஏன் வந்து எனக்குச் சொல்லுறீங்கள் மிஸ்?" அவளுடைய குரல் உயர்ந்தது. "நான் இண்டைக்குக் காலமை பயமில்லாமல் எழும்பினனான். பிள்ளையளைப் பள்ளிக்கூடம் விட்டனான். இனி ஒவ்வொரு நாய் குரைக்கேக்கயும் நான் என்ன செய்யிறது?"

அவள் துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டாள். ஒன்றைப் போட்டு முடித்து அடுத்ததை எடுக்கும்வரை நான் நின்றேன். கடைசியில், "உங்கட பெயரை அழிச்சு விடுறன்," என்றேன். "கொம்பியூட்டரில இருந்தும், எங்கட கொப்பியில இருந்தும். நீங்கள் எங்களிட்ட வரவேயில்லை எண்டு இருக்கட்டும்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என்ர பேரை அழிச்சால் என்ர மனுசன்ர பேர் எங்க இருக்கும்?"

கையிலெடுத்த துணியைக் கொடியில் போடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பொலிசில எழுத மாட்டம் எண்டவங்கள். வேற ஒரு இடத்திலயும் அவற்ற பேர் இல்லை. உங்கட கொப்பியிலதான் இருக்குது. அழிக்காதேங்கோ."

இறக்கக்கண்டியில் அவளுக்குச் சொந்தக்காரர் இருந்தார்கள், கொஞ்சக் காலம் அங்கே போய் இருக்கச் சம்மதித்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பிள்ளைகளையும் நேராக வானில் ஏற்றிக்கொண்டோம். ஒரு சாக்கில் உடுப்பு, ஒரு பெட்டியில் அடுப்படிச் சாமான். நிலாவெளி வீதியில் போகும்போது பிள்ளைகள் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவள் பின் கண்ணாடியால் வீதியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மற்ற ஆறு பேரையும் இரண்டு நாளில் பார்த்து முடித்தோம். ஒருவர் எங்களை உள்ளே வரவிடவில்லை. ஒரு தாய் நன்றி சொல்லித் தேத்தண்ணி தந்தார். இரண்டு குடும்பம் இடம் மாறின. மற்றவர்கள் எங்கே போவது என்று கேட்டார்கள், எங்களுக்கும் தெரியவில்லை.

அக்கா திரும்பி வந்ததும் நான் பெயர்களை எழுதியதைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. எல்லாவற்றையும் ஒரு பிரதி அச்சடிக்கச் சொன்னார். பிறகு டிஸ்கைக் கழற்றித் தரவும் வேறொன்று வாங்கிப் பூட்டவும் சொன்னார். தாள்களைச் சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்றின் நடுவில் வைத்துத் தைத்துக்கொண்டு, அடுத்த ரயிலில் கொழும்புக்குத் திரும்பினார். ஐயாவை அவர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் ஐயா தானாகவே மாதம் முடிய மூதூருக்கு மகளிடம் போய்விட்டார். போகும்போது வாசல் படலைவரை போய்த் திரும்பி வந்து என் தலையில் கைவைத்துவிட்டுப் போனார்.

பிறகு காத்திருந்தோம். ஒரு கிழமை, இரண்டு கிழமை. ஒருவரும் வரவில்லை. அதுதான் என்னைத் தின்றது. அலுவலகத்துக்கு ஒரு நாள் ஒரு வழியாலும் மறுநாள் வேறு வழியாலும் போனேன். வீட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வேன். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவர் என்னைக் காய்ச்சலென்று நினைத்து மல்லித்தண்ணி அவித்துத் தந்தார்.

மூன்றாம் கிழமையில் ஒரு பின்னேரம் பேக்கரியில் பாண் வாங்க நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவர் சாதாரணமாகக் கேட்டார்: "மிஸ், உங்கட கொம்பியூட்டர் இப்ப சத்தம் போடுறேல்லையோ?"

திரும்பிப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். கோடுபோட்ட சேட்டு. முன்பின் கண்ட முகமில்லை. நல்ல தமிழ்.

"இல்லை," என்றேன். "இப்ப நல்லா வேலை செய்யுது."

"அது நல்லது," என்றார். இரண்டு இறாத்தல் பாண் வாங்கிக்கொண்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று தெருவில் எங்களைப் பார்த்தவர்கள் பலர். ஆசிரியையும் பள்ளிக்கூடத்தில் கதையைச் சொல்லிச் சிரித்திருப்பார். அக்கறையில் கேட்ட அயலவராகவும் இருக்கலாம். ஆனால் நான் வாங்கிய பாணைக் கடை மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். படலையைத் தாண்டி உள்ளே வந்தபின்தான் பாண் கையில் இல்லையென்று தெரிந்தது. அம்மா அன்று ரொட்டி சுட்டார்.

அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் நான் எழுதி வைத்தவற்றால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நம்புகிறேன். நாங்கள் அறிந்தமட்டில் நடக்கவில்லை. சாம்பல்தீவுப் பெண் நான்கு மாதம் இறக்கக்கண்டியில் இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். கணவன் திரும்பவில்லை.

சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு விசாரணைக்காரர் சிலர் நகரத்துக்கு வந்து, காணாமற்போனவர்களின் உறவுகளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எங்கள் அலுவலகம் அப்போது மூடப்பட்டிருந்தது. நான் வேறு வேலையில் இருந்தேன். சாம்பல்தீவுப் பெண் எப்படியோ என் தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்து, "கூட வந்து இருப்பீங்களோ மிஸ்?" என்று கேட்டாள். போனேன். பெரிய மண்டபம், பிளாஸ்ரிக் கதிரைகள். மத்தியானத்துக்குப் பிறகுதான் அவளைக் கூப்பிட்டார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். முன்னால் மேசைக்குப் பின்னாலிருந்தவர் தாளைப் பார்த்தபடி, வாகனத்தைப் பற்றி ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

அவள் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் வைத்திருக்கவில்லை. அந்த வானின் இலக்கத்தை ஒவ்வொன்றாக, எழுதுகிறவருக்கு நேரம் விட்டுச் சொன்னாள். அவர் எழுதி முடிக்கவில்லை என்று நினைத்து இன்னொரு தரமும் சொன்னாள்.

வெளியே வந்ததும் பிள்ளைகள் வீட்டில் தனிய என்றாள். சாம்பல்தீவுப் பக்கம் போகிற பஸ் வந்தது, இரண்டு பேரும் ஏறினோம்.